விண்டோஸ் 11க்கு மாறியதும் திரை திக்குகிறதா? படம் வரைவது யார் என்று முதலில் பாருங்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலோடு வருபவர்களுக்கும் உதவும். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, அதற்குள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸ், கூடவே தனியாக ஒரு என்விடியா ஜிடிஎக்ஸ் 1050, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10இல் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய லேப்டாப். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததால் 11க்கு மாறினீர்கள். அன்றிலிருந்து விண்டோவைப் பிடித்து இழுத்தால் விட்டுவிட்டு நகர்கிறது, 1080பி வீடியோ திக்குகிறது, ஃபேன் ஓயாமல் இரைகிறது, கேம்கள் பாதி வேகத்தில்தான் ஓடுகின்றன. சிப் போய்விட்டதா, ஃபார்மட் செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

சிப் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஃபார்மட் இப்போதைக்கு வேண்டாம். ஃபார்மட் செய்தால் சில சமயம் சரியாகிவிடும்தான், ஆனால் எதனால் கெட்டது, எதனால் சரியானது என்று தெரியாமலே சரியாகும். அடுத்த பெரிய அப்டேட்டில் அதே தொல்லை திரும்பி வரும், நீங்களும் மறுபடி ஃபார்மட் செய்துகொண்டிருப்பீர்கள்.

உங்கள் லேப்டாப்பில் திரைக்குப் படம் வரையக்கூடியவர்கள் மூன்று பேர். இன்டெல் உள்சிப் ஒன்று, என்விடியா ஒன்று. இவர்கள் இருவரும் கிடைக்காவிட்டால் கணினியின் முதன்மைச் செயலியான சிபியு தானே உட்கார்ந்து வரையும். சிபியுவுக்கு அது பழக்கமான வேலை இல்லை, ஆனாலும் திரை கறுப்பாகக் கிடக்காமல் எப்படியோ வரைந்து கொடுத்துவிடும். இயங்குதளத்தை மாற்றிய பிறகு வரும் கிராபிக்ஸ் மந்தத்தில் பெரும்பகுதி, வரைய வேண்டியவர் வரையாமல் வேறொருவர் வரைவதால் வருவது. சிப்பின் வலு நேற்று இருந்ததுதான் இன்றும். வேலை யார் கைக்குப் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதைப் பார்க்காமல் டிரைவரை (சிப்பை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) நீக்குவது, ஏற்றுவது, ஏதாவது பூஸ்டர் மென்பொருளை இறக்குவது என்று ஆரம்பித்தால் ஒரு சிக்கல் மூன்றாகும்.

அதற்கும் முன்னால் ஒன்று. மாறியது இன்று காலைதான் என்றால், நாளைக்குப் பாருங்கள். அப்கிரேட் முடிந்ததும் பின்னணியில் தேடலுக்கான பட்டியல் மறுபடி கட்டப்படும், வைரஸ் சோதனை ஓடும், ஸ்டோர் செயலிகள் எல்லாம் புதுப்பித்துக்கொள்ளும். டிரைவர்களும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். சார்ஜரில் செருகி, இணையத்தோடு, தூங்கவிடாமல் சில மணி நேரம் சும்மா வைத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் விருப்பத்தேர்வு அப்டேட்கள் பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், கிராபிக்ஸ் டிரைவர் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கலாம்.

ஒரு நாள் கழிந்தும் அப்படியேதான் இருக்கிறது என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். இடது ஓரத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசை இருக்கும். அதற்குக் கீழே உங்கள் மெஷினில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருக்க வேண்டும் (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்). இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் இருக்கிறதென்றால் மற்றொன்றுக்கு டிரைவர் ஏறவில்லை, அல்லது அது முடக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால், திரையில் நீங்கள் பார்ப்பது எல்லாம் சிபியு கையால் வரைந்தது.

அடுத்து டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்தால் பட்டியலில் இருக்கும். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். இன்டெல் பெயரும் என்விடியா பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். அது ஸ்டெப்னி டயர் மாதிரி. வீடு போய்ச் சேரலாம், ஊர் சுற்ற முடியாது. பெயருக்கு மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால், இரண்டு முறை கிளிக் செய்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'கோடு 43' (Code 43) என்ற பிழை எண் இருந்தால், அந்தச் சாதனம் கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். டிரைவர் தாறுமாறாக ஏறியிருந்தாலும் இது வரும், சிப்பே பழுதானாலும் வரும். ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அங்கேயே டிரைவர் என்ற தாவலில் தேதி இருக்கும். 2006 ஜூன் 21 என்று இருந்தால் இருபது வருடப் பழைய டிரைவர் என்று பதற வேண்டாம். விண்டோஸோடு வரும் பொதுவான டிரைவர்களுக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தத் தேதியைத்தான் போடுகிறது. பொருந்தக்கூடிய இரண்டு டிரைவர்கள் சமநிலையில் இருந்தால் புதிய தேதி உள்ளதைத்தான் விண்டோஸ் எடுக்கும். தன்னுடையதற்குப் பழைய தேதி போட்டுவிட்டால், சிப் தயாரித்தவருடைய டிரைவர் எப்போதும் முந்திக்கொள்ளும். அந்தத் தேதி உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: தயாரித்தவருடைய டிரைவர் உங்கள் மெஷினில் ஏறவே இல்லை.

சரி, டிரைவரை எங்கிருந்து எடுப்பது? லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தட்டி விண்டோஸ் 11க்கு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு சிப் உள்ள லேப்டாப்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேலையை மாற்றும் ஏற்பாடு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும், அதனால்தான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். அங்கே விண்டோஸ் 10க்கு மட்டும் இருந்தாலும் பல சமயம் அது 11இல் ஏறும். இல்லாவிட்டால் இன்டெல், என்விடியா இருவருடைய தளங்களுக்கே போகலாம். மூன்றாம் ஆட்கள் தரும் டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள் பக்கம் மட்டும் போக வேண்டாம். அவை செய்வதில் உங்களுக்குத் தேவையானது எதுவும் இல்லை.

உங்கள் வன்பொருளுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. இன்டெல் 6 முதல் 10 வரையிலான தலைமுறைகளின் கிராபிக்ஸை 2022இல் பழைய வரிசைக்கு ஒதுக்கிவிட்டது. 11ஆம் தலைமுறைக்கு மேலுள்ளவற்றுக்கான டிரைவர் தொகுப்பு உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் தலைமுறைக்கென்று இருக்கும் தனித் தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும். என்விடியாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஜிடிஎக்ஸ் 1050 பாஸ்கல் வகை. அந்த வகைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றன. 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். கடைசியாக வந்த வரிசை 580. அதற்கு மேல் எண்ணுள்ளது எதையாவது வலுக்கட்டாயமாக ஏற்றப் பார்த்தால் ஏறாது. ஏறவில்லையே, சிப் செத்துவிட்டது போல என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

புதியது பழையதன்மேல் ஏறி ஒட்டாமல் நிற்கிறது என்று தோன்றினால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். தேவையான இரண்டு டிரைவர்களையும் முதலில் இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இணையத்தைத் துண்டியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பழையதை நீக்கிய மறு நிமிடமே விண்டோஸ் அப்டேட் தனக்குப் பிடித்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும், பிறகு அதன்மேல்தான் உங்களுடையது உட்கார வேண்டியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்யுங்கள். அதுவும் போதாவிட்டால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியை சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஏறும் நிலை) ஓட்டலாம். சேஃப் மோடுக்குப் போகும் முன், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் வசதியின் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் 11இல் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள். உள்ளே போக அது 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும்போது டிரைவர் சிக்கல் ஒரு பொருட்டாகவே தெரியாது. துடைத்த பிறகு முதலில் இன்டெல், ரீஸ்டார்ட், பிறகு என்விடியா, மறுபடி ரீஸ்டார்ட். இணையத்தைக் கடைசியில் இணையுங்கள்.

இனி, இரண்டு சிப்பும் டாஸ்க் மேனேஜரில் ஒழுங்காகத் தெரிகின்றன, ஆனாலும் கேம் பாதி வேகம்தான் என்றால்? கேமை ஓடவிட்டு, ஆல்ட், டேப் அழுத்தி டாஸ்க் மேனேஜருக்கு வந்து எந்த ஜிபியுவின் வரைபடம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இன்டெல் 95 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க என்விடியா 0 சதவீதத்தில் உறங்கினால் காரணம் கண்முன்னே இருக்கிறது. விண்டோஸ் 10இல் நீங்கள் என்றோ தேர்ந்துவைத்து மறந்துபோன அமைப்பு டிரைவர் மாறியதில் அழிந்திருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று வரிசையாகப் போனால் செயலிகளின் பட்டியல் வரும். அந்த கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்துவிடாதீர்கள். உலாவியும் எழுத்துச் செயலியும் இன்டெல்லிலேயே நன்றாக ஓடும், பேட்டரியும் சூடும் மிச்சம்.

வீடியோ திக்குவது தனிக் கதை. வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியுவைத் தேர்ந்து 'வீடியோ டீகோட்' என்ற சிறு வரைபடத்தைக் கவனியுங்கள். அது தரையோடு தரையாகக் கிடந்து சிபியு மட்டும் ஏறினால் வீடியோவைப் பிரிக்கும் வேலையும் சிபியு தலையில்தான். காரணம் இரண்டில் ஒன்று. உலாவியின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் கிராபிக்ஸ் முடுக்கம் அணைந்திருக்கும், அல்லது டிரைவர் தொடர்ந்து தடுமாறியதால் உலாவியே அதைக் கைவிட்டிருக்கும். முதலாவதை நீங்கள் போடலாம், இரண்டாவது டிரைவர் சரியானால் தானே சரியாகும். இவை இரண்டும் இல்லையென்றால் வீடியோவின் வடிவத்தைப் பாருங்கள். யூடியூபில் வீடியோமேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' எடுத்தால் கோடெக் என்ற இடத்தில் அந்த வடிவத்தின் பெயர் தெரியும். ஏவி1 வடிவத்தை வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான், என்விடியாவில் 30 வரிசையிலிருந்துதான் வந்தது. உங்களுடைய இரண்டு சிப்பிலும் அது கிடையாது. விபி9, ஹெச்.264 இரண்டையும் அவை அலட்டிக்கொள்ளாமல் பிரிக்கும். யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில் 'எப்போதும் ஏவி1' என்று இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள்.

எல்லாமே ஒரேயடியாக, எழுத்து தட்டுவதுகூட மெதுவாக இருக்கிறது என்றால் கிராபிக்ஸை விட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரில் சிபியுவின் வேகத்தைப் பாருங்கள். ஏதாவது வேலை கொடுத்தும் அது 0.8 கிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழேயே அசையாமல் நின்றால் யாரோ அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். முதல் சந்தேகம் சார்ஜர்மேல். பல லேப்டாப்கள் தன் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் பாதுகாப்புக்காக வேகத்தை இறுக்கிவிடும். பின் வளைந்திருந்தாலே போதும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள், வேகம் கூடினால் குற்றவாளி சார்ஜர்தான். அடுத்தது பவர் மோட். செட்டிங்ஸில் பவர் அண்ட் பேட்டரி பகுதியில், சார்ஜரில் இருக்கும்போது 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வைத்துப் பாருங்கள். ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்த லேப்டாப் நிறுவனம் கொடுத்த செயலி அப்கிரேடில் செயலிழந்திருந்தால் மெஷின் சைலன்ட் மோடிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், அதையும் மறுபடி நிறுவுங்கள். தூசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்கில் திறக்காத ஃபேனில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தொடங்கும்போது வேகமாக இருந்து பத்து நிமிடத்தில் இறங்கினால் சூடு, முதல் நொடியிலிருந்தே மெதுவென்றால் மென்பொருள். இந்த ஒரு கணக்கு பெரும்பாலும் பொய்க்காது.

இங்கே என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை அப்கிரேடுக்குப் பிறகு என் மெஷினில் மவுஸ் அம்புக்குறிகூட இழுத்து இழுத்து நகர்ந்தது. இரண்டு மாலைகள் டிரைவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். டாஸ்க் மேனேஜரில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது, அதைப் பார்த்தும் புத்தி வரவில்லை. கடைசியில் பார்த்தால் வெளி மானிட்டர் 4கே அளவுக்குத் தானாக மாறியிருந்தது, பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் அந்த அளவுக்கு 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். நொடிக்கு 30 முறை மட்டும் புதுப்பிக்கும் திரையில் எந்த கார்டு இருந்தாலும் அம்புக்குறி தத்தித் தத்தித்தான் போகும். செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். லேப்டாப் திரையே 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் என்றால், அது 60க்கு இறங்கியிருந்தாலும் கண்ணுக்கு மந்தமாகத் தெரியும். பத்து நொடி வேலை, டிரைவரில் கை வைக்கும் முன்பே செய்திருக்க வேண்டியது.

ராம் பற்றி. இன்டெல் உள்சிப்புக்குச் சொந்த நினைவகம் கிடையாது, உங்கள் ராமில்தான் பங்கு கேட்கும், தேவைப்பட்டால் பாதிவரை. விண்டோஸ் 10இல் 8 ஜிபி விளிம்பில் போதுமானதாக இருந்திருக்கும், 11 இன்னும் கொஞ்சம் கேட்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி 85, 90 சதவீதத்திலேயே நின்றால் திக்குவதற்கு அதுவே போதும். அந்த 8 ஜிபியும் ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு இழப்பும் உண்டு. 2666 வேக டிடிஆர்4 ஒரு குச்சியில் நொடிக்கு ஏறத்தாழ 21 ஜிபி நகர்த்தும், இரண்டு குச்சியென்றால் அதன் இரு மடங்கு. உள்சிப் நம்பியிருப்பது இந்த வேகத்தைத்தான். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். பணம் செலவழித்துச் செய்யும் மாற்றங்களில் இந்த மெஷினுக்கு நான் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான்.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'மெமரி இன்டெகிரிட்டியை அணை' என்ற ஆலோசனை. கோர் ஐசொலேஷன் என்ற பாதுகாப்பின் பகுதி அது, விண்டோஸின் உள்மையத்தில் ஓடும் நிரல்கள் நம்பத்தக்கவையா என்று சோதிப்பது. கேம் வேகத்தை அது கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை, மைக்ரோசாஃப்டே 2022இல் கேம் ஆடுபவர்களுக்கு அதை அணைக்கும் வழியைச் சொன்னது. ஆனால் அது பெரிதாக அடிப்பது இன்டெல்லில் 7ஆம் தலைமுறைக்கு முந்தைய சிபியுக்களை. அதற்குப் பிறகு வந்தவற்றில் இந்தச் சோதனைக்கு வன்பொருளிலேயே துணை இருக்கிறது. பாதி வேகம் காணாமல் போனதற்கு உங்கள் மெஷினில் அது காரணமாக இருக்க முடியாது. அணைக்காதீர்கள். ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் என்ற இன்னொன்று உண்டு, கிராபிக்ஸ் பக்கத்திலேயே இருக்கும். சில மெஷின்களில் போட்டால் நல்லது, சிலவற்றில் எடுத்தால் நல்லது. மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அனிமேஷன், ஒளி ஊடுருவும் விளிம்புகளை எல்லாம் அணைப்பது, படம் வரைவது சிபியுவாக இருக்கும்வரை கொஞ்சம் ஆறுதல் தரும். டிரைவர் சரியான பிறகு அதனால் ஒன்றும் இல்லை.

கேம் முதல் அரைமணி நேரம் மட்டும் திக்கிப் பிறகு சீராகிறது என்றால் அதைத் துரத்த வேண்டாம். டிரைவர் மாறினால் முன்பு தயாரித்து வைத்திருந்த ஷேடர்கள் (படம் வரைய கிராபிக்ஸ் சிப் ஓட்டும் சிறு நிரல்கள்) செல்லாமல் போகும், எல்லாவற்றையும் மறுபடி தயாரித்துக்கொள்ளும்வரை அப்படித்தான் இருக்கும்.

லினக்ஸில் ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு மாறி இதே அவதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் கேள்வி அதேதான். செட்டிங்ஸில் சிஸ்டம் விவரங்களில் கிராபிக்ஸ் என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் வரைவது சிபியு. பெரும்பாலும் புதிய கெர்னலுக்கு என்விடியா தொகுதி மறுபடி கட்டப்பட்டிருக்காது, அல்லது கையொப்பம் இல்லாததால் செக்யூர் பூட் அதை உள்ளே விட்டிருக்காது.

இவ்வளவு பார்த்தும் பலனில்லை, மாறி இன்னும் பத்து நாள் ஆகவில்லை என்றால் விண்டோஸ் 10க்கே திரும்பலாம். செட்டிங்ஸில் ரிகவரி பகுதியில் 'கோ பேக்' இருக்கும். பத்து நாள் தாண்டினால், அல்லது இடம் வேண்டுமென்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை நீங்களே அழித்திருந்தால், அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் திரும்பிப் போவது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இடத்துக்கு என்பதால் அதை நான் சோதனைக்கு மட்டுமே சொல்வேன்: அங்கே போனதும் வேகம் திரும்பினால் வன்பொருள்மேல் பழியில்லை.

சிப் போய்விட்டதா என்ற கேள்விக்கு இன்னும் எளிதான சோதனை ஒன்று உண்டு. லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டு, விண்டோஸ் ஏறும் முன்பே பயாஸ் திரைக்குள் போய் ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். அங்கே எந்த டிரைவரும் இல்லை, விண்டோஸும் இல்லை. அங்கேயே கோடுகள், சதுரம் சதுரமாக நிறங்கள், நடுங்கும் எழுத்துகள் தெரிந்தால் உள்சிப், திரை, அதன் கேபிள் மூன்றில் ஒன்று பழுது. வெளி மானிட்டரைச் செருகிப் பார்த்தால் சிப்பா, திரைப் பக்கமா என்று பெரும்பாலும் பிரிந்துவிடும். பயாஸ் திரை பளிச்சென்று இருந்து, யுஎஸ்பியிலிருந்து ஏற்றிய ஒரு லைவ் லினக்ஸிலும் விண்டோக்கள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் உள்சிப் நலம். என்விடியாவை மட்டும் இந்தச் சோதனை தொடாது. சுத்தமாகத் துடைத்து ஏற்றிய பிறகும் அதில் கோடு 43 வந்தால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும். இதுவரை செய்ததில் எங்கே நிற்கிறீர்கள், டாஸ்க் மேனேஜரில் எத்தனை ஜிபியு தெரிகிறது, டிரைவர் தேதி என்ன, சிபியு வேகம் எவ்வளவு என்ற நான்கையும் சொல்லுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.